அடித்ததே இல்லை என்றால் குற்றம் இல்லையா? பாட்காஸ்ட் தொடங்கும் தம்பிக்கு ஒரு வக்கீலின் பதில்

கேட்ட தம்பி ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்துக்காரர், 26 வயது என்று எழுதியிருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது. ஊரில் இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணமாகி நான்கே வருடமான ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டார். கணவர் அவர் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை என்று அக்கம்பக்கம் சொல்கிறது. அதே அக்கம்பக்கம் "அவன்தான் கொன்னான்" என்றும் சொல்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்.டி.ஓ.) விசாரணை முடிந்து, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வழக்கு நடக்கிறது. கணவர் ஜாமீனில் இருக்கிறார். தமிழில் க்ரைம் பாட்காஸ்ட் தொடங்கி இதையே முதல் தொடராகச் செய்ய நினைக்கிறேன், பெயர்களை மாற்றிவிட்டால் சட்டச் சிக்கல் வருமா?

கேள்விக்குறி கடைசி வரியில்தான் இருக்கிறது. ஆனால் தம்பியை உண்மையில் உறுத்துவது அதற்கு முந்தைய வரி என்று நினைக்கிறேன்: அடிக்காத ஒருவரைக் கொன்றவர் என்று ஊர் சொல்கிறதே, அது என்ன குற்றம், அதற்கு என்ன பெயர்? அது விளங்காமல் மைக்கைத் தொட்டால் தொடர் வெறும் மர்மக்கதையாகிவிடும். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ராமநாதபுரம் நீதிமன்றங்களில் 23 வருடமாக வழக்கு நடத்துகிறேன். குடும்ப வன்முறை மனு, ஜீவனாம்சம், கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ எல்லாம் பார்த்திருக்கிறேன். பெண்கள் பக்கம் அதிகம், கணவர்கள் பக்கமும் நின்றிருக்கிறேன். நான் சொல்வதெல்லாம் கோர்ட் படி ஏறி வந்தவர்களைப் பார்த்துக் கற்றது. ஏறாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. பத்திரிகைக்காரியும் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு இந்த மாதிரித் தொடர்களை நிறையக் கேட்டவள், அவ்வளவுதான்.

தம்பி சொல்லும் நிலைமைக்கு ஆங்கிலத்தில் கோயர்சிவ் கண்ட்ரோல் என்று பெயர். நான் மனுக்களில் 'அடக்கியாளும் கட்டுப்பாடு' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் யாராவது சொன்னால் எடுத்துக்கொள்வேன். 1984ல் அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் அடிபட்ட பெண்கள் சொன்னதை வைத்து ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். நடுவில் அதிகாரம், ஆரங்களுக்கு இடையே மிரட்டல், தனிமைப்படுத்தல், பணத்தைப் பிடித்துவைத்தல், பிள்ளைகளைக் காட்டிப் பயமுறுத்தல். அடி வெளி வளையத்தில்தான் இருக்கும். 2007ல் சமூகவியலாளர் ஈவன் ஸ்டார்க் இதை ஒரு முழு நூலாக விரித்தார். அவர் வாதம் எளிமையானது. சட்டம் ஒவ்வொரு அடியாக எண்ணுகிறது. பெண்ணோ ஒரு ஆட்சிக்குக் கீழே வாழ்கிறாள். அந்த ஆட்சி நன்றாக நடந்தால் அடிக்க வேண்டிய தேவையே வராது.

நம் கரையில் இதற்குப் புத்தகச் சொல் தேவைப்பட்டதே இல்லை. "மூச்சு விட விடமாட்டாரு" என்பார்கள், "சந்தேகப் பேய் பிடிச்சவன்" என்பார்கள். எனக்கு வயிற்றைப் பிசைவது வேறொரு சொல். "கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறாருங்க." மாமியார் வீட்டார் விசாரணையில் பெருமையாகச் சொல்வது இது. கடைக்குத் தனியாக விடமாட்டார், அவரே வாங்கி வருவார். அம்மா வீட்டுக்கு அனுப்பினால் சாயங்காலமே அழைத்து வந்துவிடுவார், பிரிந்திருக்க முடியாதாம். போன் எதற்கு, அவர் போன்தான் இருக்கிறதே. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் அன்பு. எல்லாவற்றையும் சேர்த்து நான்கு வருடத்துக்கு அடுக்கினால், கதவு மட்டும் திறந்திருக்கும் ஜெயில்.

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைத் தம்பிக்குத் தெரிந்திருக்கும். முழங்கையில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து இறங்கி மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறிப்பவர்கள். அவ்வளவு துணிச்சலான தொழில் செய்கிறவள் வீட்டில் அடங்கி நடப்பாளா என்று கேட்பார்கள். நான் பார்த்த ஒரு மாதிரி இது: வியாபாரி தரும் எடைச் சீட்டைக் கணவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். சீட்டில் உள்ள தொகைக்கும் அவள் கையில் கொடுக்கும் தொகைக்கும் பத்து ரூபாய் வித்தியாசம் வந்தால் அடிக்கமாட்டார். மூன்று நாள் பேசமாட்டார். பிள்ளைகளும் பேசக்கூடாது. நான்காம் நாள் அவள் காலில் விழ வேண்டும், பிள்ளைகள் முன்னால். மகளிர் குழுவில் அவள் பெயரில் எடுத்த கடனை அவர் வலைக்கும் இன்ஜினுக்கும் போடுவார், தவணை கேட்டு வீட்டு வாசலில் நிற்பவர்களுக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். (இங்கே நான் சொல்வதில் யாருடைய வழக்கும் முழுசாக இல்லை. பலருடையதைப் பிரித்துக் கலந்து அடுக்கியிருக்கிறேன்.)

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வந்தால் கதையின் உருவம் வேறு. கணவர் சபுராளி, துபாயிலோ தம்மாமிலோ இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர் எப்படி அடக்க முடியும் என்று பத்து வருடத்துக்கு முன் நானே நினைத்திருந்தேன். ஒரு நாளில் பதினைந்து வீடியோ கால். "போனைச் சுத்திக் காட்டு. அந்தச் செருப்பு யாரோடது? கதவுக்குப் பின்னால காட்டு." குளிக்கப் போனால் போய் வந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரம் பதினொன்றரை என்று காட்டினால் யாரோடு பேசினாய் என்று விசாரணை. பணம் அவளுக்கு வராது, மாமியாருக்கு வரும். வாப்பா வீட்டு நகை அடகில். இதில் அடிக்க ஆளே ஊரில் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் என் முன் உட்கார்ந்து பேசும்போது போன் அதிர்ந்தால் உடம்பு தூக்கிப் போடும். இதையெல்லாம் எந்தக் காயச் சான்றிதழில் எழுதுவது?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறது. 2019-21 சுற்றில், மணமான பெண்களில் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1. படித்த மாநிலம் என்று சொல்லிக்கொள்கிறோம். அதே கணக்கெடுப்பில் சந்தேகப்படுவாரா, தோழிகளைப் பார்க்க விடமாட்டாரா, பிறந்த வீட்டோடு பேசுவதைக் குறைப்பாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று கேட்பாரா, பண விஷயத்தில் நம்பமாட்டாரா என்றும் கேட்கிறார்கள். தம்பி தொடர் செய்தால் பேட்டி எடுக்கும்போது இந்தக் கேள்விகளையே கேட்கலாம். "கொடுமை பண்ணாரா" என்று கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். "போன் பாஸ்வேர்ட் யார் வச்சிருந்தது" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இப்போது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இந்தக் கட்டுப்பாட்டையே தனிக் குற்றமாக்கியது, 5 வருடம் வரை சிறை. ஸ்காட்லாந்து 2018ல் சட்டம் போட்டு 14 வருடம் வரை வைத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை 1 முதல் 7 வருடம் வரை. இந்தியாவில் இப்படித் தனிக் குற்றம் கிடையாது. 2005ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், பாலியல், சொல், மனம், பொருளாதாரம் என்று எல்லா வகை வன்முறையையும் 3ஆம் பிரிவில் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. எழுத்தளவில் மிக நல்ல சட்டம். ஆனால் அது பாதுகாப்பு உத்தரவும் தங்கும் உரிமையும் பணமும் வாங்கித் தரும் சட்டம். உத்தரவை மீறினால்தான் குற்றம், அதற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

குற்ற வழக்கு என்று வரும்போது நடப்பதுதான் தம்பிக்கு முக்கியம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். இறப்பு 2024 ஜூலை 1க்கு முன் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304பி, தற்கொலைக்குத் தூண்டியதற்கான 306, 498ஏ. அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 80, 108, 85. இதில் 304பி வரதட்சணை மரணம், குறைந்தது ஏழு வருடம். ஆனால் சாவதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமை நடந்ததென்று காட்ட வேண்டும். கணவர் அப்படி எதுவும் கேட்காமல் வெறுமனே அவளைக் கூண்டுக்குள் வைத்திருந்தால்? பெண்ணைப் பறிகொடுத்த குடும்பம் என்ன செய்யும் தெரியுமா, பத்துப் பவுன் கேட்டார், பைக் கேட்டார் என்று எழுதும். யாராவது எழுதச் சொல்லியும் கொடுப்பார்கள். சட்டத்தில் அந்தப் பெட்டிதான் திறந்திருக்கிறது, அதற்குள் திணிக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் பைக் கதை உடையும். அதோடு உண்மையாக நடந்த கட்டுப்பாடும் பொய்யோடு பொய்யாகப் போய்விடும். கணவர்கள் பக்கம் நின்று நானே அப்படி உடைத்திருக்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. 498ஏயின் விளக்கத்தில் பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய நடத்தையும், மனநலத்துக்குக் கடும் பாதிப்பு உண்டாக்கும் நடத்தையும் அடங்கும். அந்த வழி எப்போதும் இருக்கிறது, கஷ்டப்பட்டு நிரூபிக்க வேண்டிய வழி என்பதால் குறைவாக நடக்கப்படுகிறது.

ஆகவே அடிக்காதவர் குற்றவாளியாக முடியுமா என்றால், முடியும். அது உறுதி. இந்த வழக்கில் இவர் குற்றவாளியா என்பது எனக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது, "அவன்தான்" என்கிற ஊருக்கும் தெரியாது. ஊர் சில நேரம் பெண் உயிரோடு இருந்தபோது சொன்னதற்கு நேர் எதிராகச் செத்த பிறகு பேசும். கண்ணுக்குள் வைத்துப் பார்த்ததாகச் சொன்ன வாய்தான் பிறகு கொன்றான் என்று சொல்வது. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், கதையின் ஒரு பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை சொல்லும் முறைக்கு வருகிறேன். நான் கேட்ட க்ரைம் தொடர்களில் பாதிக்கு மேல் உடல் கிடந்த காலையில் தொடங்குகின்றன. பிறகு யார், ஏன், எப்படி. இந்த வகைச் சாவுக்கு அந்த அமைப்பு பொருந்தாது, ஏனென்றால் 'யார்' என்பதில் மர்மமே இல்லை. கேட்பவர் மனது வேறொரு மர்மத்தைத் தேட ஆரம்பிக்கும்: அவளுக்கு வேறு தொடர்பு இருந்ததோ, மனநிலை சரியில்லையோ. கணவன் தரப்பு சொல்ல விரும்புவதும் அதையேதான். செவ்வாய்க்கிழமையில் தொடங்குங்கள் தம்பி, எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. எத்தனை மணிக்கு எழுந்தாள், யாரிடம் கேட்டுச் சமைத்தாள், எவ்வளவு பணம் கையில் இருந்தது. அந்த நாளைச் சரியாகச் சொல்லிவிட்டால் சாவு வரும்போது யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதற்கான சான்றும் காகிதத்தில் கிடைக்கும்: அடகுச் சீட்டு, பாஸ்புக், ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, புகாரை வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, 'இனிமேல் ஒற்றுமையாக இருப்போம்' என்று இருவரும் எழுதிக் கொடுத்த கடிதம். கடைசிக் கடிதம் மட்டும் சில பெண்களிடம் மூன்று நான்கு இருக்கும்.

பிரிட்டனில் குற்றவியலாளர் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து, ஓர் உறவு கொலை வரை போகும் எட்டுக் கட்டங்களை 2019ல் சொன்னார். திடீர்க் கோபத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கொலைகளுக்கு முன்னால் நீண்ட கட்டுப்பாடு இருப்பதையும், பெண் பிரிந்து போகிறேன் என்று சொல்லும் நேரம் பெரும்பாலும் தூண்டுகோலாக இருப்பதையும் அது காட்டியது. பிரியும் நேரம் ஆபத்தான நேரம் என்பதை நானும் இங்கே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வு நடந்து முடிந்த கொலைகளைப் பின்னால் இருந்து பார்த்தது. அதை எடுத்துவந்து "இவர் ஐந்தாம் கட்டத்தில் இருந்தார்" என்று ஒரு மண்டபத்துக் கணவர் மேல் ஒட்டாதீர்கள். அதுவும் உங்கள் கதையில் இருப்பது தற்கொலை.

பெயர் மாற்றும் விஷயத்தில் முதலில் ஒரு பழைய தமிழ்நாட்டு வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் அடிப்படை. ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்தை அனுமதியின்றி வெளியிடக்கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் உள்ளதை எழுதலாம். அதிலும் பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் விதிவிலக்கு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ். 72ன்படி இரண்டு வருடம் வரை சிறை. 2018ல் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: பெயர் மட்டுமல்ல, அடையாளம் தெரியவைக்கும் எந்தத் தகவலும் கூடாது, இறந்தவருக்கும் இது பொருந்தும். பெற்றோர் சம்மதித்தாலும் தகுந்த அதிகாரி முடிவு செய்யாமல் வெளியிடக்கூடாது. பொள்ளாச்சி வழக்கில் பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலேயே வெளியானதற்காக 2019ல் நம் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரசுக்கே அந்தக் கதி.

உங்கள் வழக்கில் பாலியல் குற்றம் எதுவும் சேர்க்கப்படவில்லை என்றால் 72ஆம் பிரிவு நேராக வராது. அதற்காக நிம்மதியாக இருக்க வேண்டாம். இறந்தவரைப் பற்றி அவதூறாகச் சொன்னாலும், அது குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இருந்தால் அவதூறுச் சட்டத்தில் வரும். கணவரைக் கொலைகாரர் என்றால் அவரும் வழக்குப் போடலாம், ஊருக்கே அவர் யார் என்று தெரியும்போது மாற்றுப் பெயர் கேடயமாகாது. குழந்தை சாட்சியாக இருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், குழந்தையை அடையாளம் காட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். எல்லாவற்றுக்கும் மேல், குற்றப்பத்திரிகை தாக்கலான வழக்கில் விசாரணையைப் பாதிக்கும்படி வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. முந்நூறு பேர் கேட்கும் பாட்காஸ்ட் அந்த அளவுக்குப் போகுமா என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறும், அதில் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஆஸ்திரேலியக் கதையைக் கேளுங்கள். லினெட் டாசன் என்ற பெண் 1982 ஜனவரியில் காணாமல் போனார். வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்றார் கணவர். 36 வருடம் கழித்து, 2018ல், தி ஆஸ்திரேலியன் பத்திரிகை 'தி டீச்சர்ஸ் பெட்' என்ற பாட்காஸ்ட் தொடரை வெளியிட்டது. உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கணவர் கிறிஸ் டாசன் கைதானார். எல்லோரும் பாட்காஸ்ட்டின் வெற்றி என்று சொல்வது இதுவரைதான். அதன் பிறகு அதே தொடரைக் காட்டித்தான், சாட்சிகளின் நினைவு கெட்டுவிட்டது, நியாயமான விசாரணை கிடைக்காது, வழக்கையே நிரந்தரமாக நிறுத்துங்கள் என்று அவர் தரப்பு வாதாடியது. 2019ல் ஆஸ்திரேலியாவுக்குள் தொடரைக் கேட்க முடியாதபடி எடுக்க வேண்டி வந்தது. கடைசியில் ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும் விசாரித்து 2022 ஆகஸ்டில் குற்றவாளி என்றார், டிசம்பரில் 24 வருடத் தண்டனை. தீர்ப்பு நின்றது. ஆனால் மயிரிழையில் போயிருக்கக்கூடிய வழக்கு. அங்கே பல வருடம் வழக்கே போடப்படாமல் இருந்த இடத்தில் பாட்காஸ்ட் நுழைந்தது. உங்கள் ஊரில் வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கிறது. உங்கள் மைக் முன் பேசிய பக்கத்து வீட்டு அக்கா நாளை கூண்டில் ஏறும்போது, "பாட்காஸ்ட்டில் வேறு மாதிரிச் சொன்னீங்களே" என்று ஒரே ஒரு கேள்வி போதும். நான் எதிர்த்தரப்பில் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

அடையாளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் சென்னையில் உட்கார்ந்து தொடர் செய்கிறவர்களுக்கு இது புரியாது. இந்தக் கரையில் பெயரை யார் பார்க்கிறார்கள்? பட்டப்பெயரும் வம்சமும் படகின் நிறமும் வைத்துத்தான் ஆளைத் தெரியும். 'ஒரு மீனவ கிராமம், கணவர் நாட்டுப்படகு, கல்யாணமாகி நான்கு வருடம், ஒரு பெண் குழந்தை' என்று சொன்னாலே தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை யார் என்று தெரிந்துவிடும். அதிலும் உங்களுடையது ஒலி. பாம்பனில் கடலோசை வானொலியைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் இடம் இது, காது கூர்மை. பேச்சைக் கேட்டு இது தங்கச்சிமடம், இது வேதாளை, இது கீழக்கரை என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். குரலைக் கனமாக்கியோ மெலிதாக்கியோ வைத்தால் இழுவையும் சொல்லும் அப்படியே இருக்கும், பின்னால் அதை நேராக்கவும் முடியும். பின்னணியில் கேட்கும் கோயில் மணி, பாங்கு, ஏலக்கூடத்தில் விலை கூவும் குரல், பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் இவையெல்லாம் முகவரி. எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி, பேசியவர் சொன்னதை எழுதி, வேறு ஊர்க்காரர் ஒருவரை வாசிக்க வைத்து, அப்படிச் செய்திருக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது. கடல் சத்தம் வேண்டும் என்று ஆசையாக இருந்தால் வேறு கடலில் போய்ப் பதிவு செய்யுங்கள்.

சம்மதம் யாரிடம் வாங்குவது? பெண்ணின் அம்மா இன்றைக்குச் சரி என்பார். மகள் சாவுக்கு நியாயம் கிடைக்க எதற்கும் சரி என்பார். அந்த மனநிலையில் வாங்கும் கையெழுத்தை நான் மதிக்கமாட்டேன். வழக்கு தோற்றால், அல்லது ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துக்கொண்டால், அவர் அதே ஊரில்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். இறந்தவருக்குப் பெண் குழந்தை இருந்தால் அவளுக்கு ஒரு நாள் பன்னிரண்டு வயதாகும், கையில் போன் வரும். அவள் தேடினால் கிடைக்கப்போவது உங்கள் எட்டு எபிசோடு, நடுவில் மசாலாப் பொடி விளம்பரத்தோடு. விளம்பரம் வந்தால் அந்தப் பணம் யாருக்கு என்பதையும் முதல் எபிசோடுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள்.

தற்கொலை என்பதால் இன்னொன்று. எப்படி, எதைக் கொண்டு, எந்த அறையில் என்பதைச் சொல்லக்கூடாது, கடைசிக் கடிதத்தையோ குரல் பதிவையோ போடக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறைகளை இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019ல் ஏற்றுக்கொண்டது. உங்களை அது சட்டப்படி கட்டுப்படுத்தாவிட்டாலும், அதே நிலையில் இருக்கும் வேறொரு பெண் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது போதுமான காரணம். அவர் மனநல சிகிச்சை பெற்றிருந்தால் அந்தச் சீட்டைத் தொடவே வேண்டாம். 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் சம்மதமின்றி அதை வெளியிடத் தடை போட்டிருக்கிறது. நம் மாவட்டத்தில் இதன் கனம் தெரியாதவர் இல்லை. 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். 'புத்தி சரியில்லாதவள்' என்ற சொல் இங்கே வெறும் வசவு இல்லை, ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் விடலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு. கணவர்கள் அதை மிரட்டலாகப் பயன்படுத்தியதை மனுக்களில் பல தடவை படித்திருக்கிறேன்.

உங்களைக் கேட்கப் போகிறவர்களில் சிலர் அந்தக் கூண்டுக்குள் இருந்தபடியே கேட்பார்கள். போனைக் கணவர் சோதிப்பார் என்றால், 'கணவன் கொன்ற கதை' என்ற தலைப்பும் ரத்தச் சிவப்புப் படமும் அன்று இரவு அவளுக்குச் சண்டையாக முடியும். தலைப்பைச் சாதாரணமாக வையுங்கள். "உடனே வெளியே வாங்க சகோதரி" என்று மைக்கில் வீரம் பேசாதீர்கள். வெளியே வரும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மேலே சொன்னேன். 181 பெண்கள் உதவி எண்ணையும், அவசரத்துக்கு 112யும், சட்ட உதவிக்கு 15100யும் ஒவ்வொரு எபிசோடிலும் சொல்லுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுதித் தருவது அவர் வேலை. இலவச சட்ட உதவி பெறப் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பெண்கள் உங்களுக்கே போன் செய்வார்கள், ராத்திரி ஒரு மணிக்குக் கூட. அப்போது என்ன செய்வது என்பதைத் தெரிந்த ஒருவரிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே காப்பாற்றக் கிளம்பாதீர்கள்.

கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில்: பெயரை மாற்றினாலும் இந்த வழக்கை இப்போது செய்யாதீர்கள். தீர்ப்பு வரட்டும். அதுவரை செய்ய வேலை இருக்கிறது. மேல்முறையீடும் முடிந்துபோன பழைய வழக்கு ஒன்றை எடுங்கள். தீர்ப்புகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண் போட்டால் கிடைக்கும், சாட்சியத்தின் நகல் வேண்டுமென்றால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும், நீதிபதி அனுமதித்தால் தருவார்கள். அல்லது யாருமே சாகாத ஒரு தொடர் செய்யுங்கள், அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி மட்டும். உங்கள் ஊர் வழக்கையும் விட்டுவிட வேண்டாம். மூடிய அறை விசாரணை என்று உத்தரவு இல்லாதவரை கோர்ட் எல்லோருக்கும் திறந்ததுதான். வாய்தா தேதியைப் பார்த்து வந்து பின் பெஞ்சில் உட்காருங்கள், பத்து வாய்தாவில் எட்டு சும்மா தள்ளிப்போகும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒலிப்பதிவு செய்யக்கூடாது. போனை அணைத்துவிட்டு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள்.